பக்கவாட்டு அசைவு

பிப்ரவரி 11, குரோனிங்கன்
பெடல் கிடைத்துவிட்டது! வயோலாவுக்கும் வில்லுக்கும் இரண்டு கையும் போய்விடுகிறது. வயோலாவின் ஒலியைக் கணினி வழியாக மாற்றக் கால்தான் மிச்சம். மேலும் கீழும் போகும் பெடல் எங்கும் கிடைக்கும். எனக்கு இடமும் வலமும் போக வேண்டும். எம்மென் ஊரில் ஸ்டீல் கிட்டார்காரர் ஒருவரின் பரணில் கிடந்தது: அழுத்தினால் ஒலி கூடும், பக்கவாட்டில் தள்ளினால் ஒலியின் நிறம் மாறும். கணினியோடு இணைத்துத் தருவதாக யூரியான் சொன்னான். எங்கள் இசை ஜோடியில் நான் வயோலா, அவன் கணினி.

பிப்ரவரி 23
முதல் ஒத்திகை. பக்கவாட்டில் பாதம் தத்தளித்தது. ஒரே இரைச்சல்.

மார்ச் 2
இன்று என்ன ஆயிற்று எனக்கு? பாதத்தை இடப்பக்கம் சாய்த்ததும் ஒலி கண்ணாடியாய் மெலிந்தது. ஒரே வாரத்தில் கால் கற்றுக்கொண்டுவிட்டது. கண் கலங்கிவிட்டது — யூரியான் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 6
உட்ரெக்ட் கச்சேரி. முடிந்ததும் ஒரு பெண் என் காலுறையைப் பார்த்தபடியே பேசினாள். "உங்க காலு பாடுதுங்க."

ஏப்ரல் 19
ஒத்திகை நடுவில் யூரியான் காபி எடுக்கப் போனான். நான் நிறுத்தவில்லை. இடப்பக்கம் சாய்த்தேன் — ஒன்றுமில்லை. வலப்பக்கம் — ஒன்றுமில்லை. அவன் வந்து உட்கார்ந்தான், எல்லாம் சரியாகிவிட்டது.
கம்பி தளர்ந்திருக்கும். அப்படித்தானே?

ஏப்ரல் 20
பாதத்தை அசைக்கவே இல்லை. தோளை மட்டும் சாய்த்தேன்.
ஒலி மெலிந்தது.
இத்தனை நாளும் என் தோளைப் பார்த்து அவன் கணினியில் விரலால் திருப்பியிருக்கிறான். கேட்டேன். மறைக்கவில்லை.
"முதல் நாள் உன் காலு போன போக்கப் பாத்தேன். அன்னைக்கே பக்கவாட்டுக் கம்பியக் கழட்டிட்டேன்."
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"கைதட்டு உனக்குத்தானே வந்துச்சு? இவ்ளோ புத்தகம் படிக்கிறவ, இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்குற."

ஏப்ரல் 21
காரில் குழந்தைக்குப் பொம்மை ஸ்டீரிங் கொடுத்து உட்கார வைப்பார்களே. அது. நானும் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன், சிரித்த முகத்தோடு. அந்த உட்ரெக்ட் பெண் பாராட்டியது யாரை? மார்ச் 2 — சே, அன்னைக்கு நான் அழுதேனே. அதையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தான்?

ஏப்ரல் 27
அரசர் பிறந்தநாள். ஊரே ஆரஞ்சு உடையில் தெருவில். நான் சன்னலைச் சாத்திவிட்டுப் பெடலைத் திறந்தேன். கம்பி அறுந்திருக்கவில்லை; நேர்த்தியாகக் கழற்றி, முனையில் நாடா சுற்றி வைத்திருக்கிறான். அந்த நேர்த்தியைத்தான் தாங்க முடியவில்லை. ஈயம் வைத்து நானே ஒட்டினேன். கோணல்மாணலாக.

மே 15
என் பயிற்சியைத் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சுவரைத் தட்டுகிறார்கள். நியாயம்தான்.

ஜூன் 8
தனியாக வாசித்தேன். சின்ன அரங்கு, கணினியும் என் பக்கத்திலேயே. பாதி வழியில் பாதம் எல்லை தாண்டிப் போய்விட்டது. கீச்சென்று ஓர் ஒலி. முன்வரிசைக்காரர் காதைப் பொத்தினார். காலை எடுக்காமல் மெல்லத் திருப்பிக்கொண்டு வந்தேன்.
யூரியான் அரங்கின் கடைசியில் நின்றிருந்தான். போகும்போது அருகில் வந்தான்.
"நான் இருந்திருந்தா அது நடந்திருக்காது."
"ஆமா," என்றேன். "நடந்திருக்காது."