பாலத்தில் நின்ற வண்டிகள்

ஞாயிறு இரவு, அம்பிட்டிய. மழை விட்டுவிட்டது.

சின்ன வயதில் அக்காவும் நானும் எதிரெதிர் அணியாக ஆடிய கம்ப்யூட்டர் போர் விளையாட்டை, பிரவுசரில் ஓடும்படி நானே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று பகல் சாப்பாட்டுக்கு வந்த அக்காவிடம் முதன்முதலாக ஆடக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்திலேயே முகம் சுளித்தாள்.

"பாலத்தில வண்டி சிக்கலயேடா?"

பழைய விளையாட்டில் எதிரெதிரே வரும் வண்டிகள் பாலத்தில் முட்டி அப்படியே நின்றுவிடும். பின்னால் வரும் படை நகராது.

"அது பிழை, அக்கா. மொத வேலையா அதத்தான் சரி பண்ணினேன்," என்றேன், பெருமையாக.

"பிழையா? ஒன் வண்டி வர்றப்ப வேணும்னுதான் என் வண்டிய எதுக்க அனுப்புவேன். ஒன் மொத்தப் படையும் பின்னால மாட்டிக்கும், எனக்கு ஒரு வண்டிதான் நட்டம். பின்ன எப்பிடி ஜெயிச்சேன்னு நெனச்ச?"

இத்தனை வருடமும் அதை என் கெட்ட நேரம் என்றே நினைத்திருந்தேன்.

அவள் பஸ் ஏறியதும் உட்கார்ந்து, திருத்தியதை அழித்துப் பிழையைத் திரும்ப வைத்தேன். வண்டிகள் அழகாக முட்டிக்கொண்டு நின்றன. அதைச் சரிசெய்த அன்றுகூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் இல்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வருகிறாள். இந்த முறை அவள் வண்டி பாலத்துக்கு வரும்போது எதிரே வண்டி அனுப்பப்போவது நான்தான்.