நாலாம் நம்பர் பாட்டில்

புகை வாசனைக்காரச் சித்திக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. இன்று உனக்கு வருஷப் படையல். எல்லோரும் படுத்துவிட்டார்கள். போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா புரண்டு படுத்தால்கூடப் போனை அணைத்துவிடுகிறேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உன் பாட்டில்கள் மாட்டிக்கொண்டன சித்தி. நான்குமே.

கடைசியாக நீ லீவில் வந்தபோது நாம் இரண்டு பேரும் வெள்ளிமலை பஸ் ஏறிப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பாறை மேல் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நான்கு குட்டி பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்தாய். ஆஸ்பத்திரி மருந்து பாட்டில் போலவே இருந்தன. மேலே ஒன்று, இரண்டு என்று நம்பர் மட்டும். ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் உன்னோடு வேலை செய்யும் நர்சுகளும் கூடி விஸ்கி ருசி பார்ப்பீர்கள் என்று சொன்னாய். யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன்.

"நம்மூர்ல குடிக்கிறதுன்னா மூக்கப் புடிச்சிக்கினு ஒரே மடக்கு. அங்க மூக்காலயே அரை மணி நேரம் குடிப்பாங்கடி," என்று சிரித்தாய்.

மூடியில் கொஞ்சம் ஊற்றி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, நாக்கில் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தாய். எனக்கு மோந்து பார்க்க மட்டும்தான் அனுமதி. ஒன்றாம் நம்பரில் புகையே இல்லை. மலைத்தேனும் பலாச்சுளையும் சேர்ந்த வாசனை. இரண்டில் யாரோ தூரத்தில் மக்காச்சோளம் சுடுகிறார்கள். மூன்றில் மழையில் நனைந்த வறட்டி, பற்றிக்கொள்ளாமல் புகைகிறது. நான்காவதை மோந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். டிஞ்சர், கருவாடு, புதிதாகப் போட்ட தார் ரோடு. உனக்கு அதுதான் உயிர். ஏன் என்று கேட்டதற்கு, "சொல்லத் தெரியலடி" என்று மட்டும் சொன்னாய்.

அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டேன். "பீட்டுன்னு ஒரு மண்ணு. சேத்துல பாசி ஆயிரக்கணக்கான வருஷமா மக்கிக் கெடக்கும். அத வறட்டி மாதிரி வெட்டிக் காயவெச்சி, விஸ்கி காய்ச்சுறதுக்கு மொளகட்டுன பார்லிக்கு அடியில எரிப்பாங்க. புகை எவ்ளோ ஜாஸ்தியோ, வாசம் அவ்ளோ ஜாஸ்தி." மிச்சத்தை உன் பழைய பெட்டியில் வைத்து எங்கள் வீட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த லீவுக்கு என்றாய். அடுத்த லீவு வரவே இல்லை.

போன வாரம், படையலில் வைக்க உன் புடவை வேண்டும் என்று அப்பா அந்தப் பெட்டியை இறக்கினார். அதற்கு முந்தின நாள்தான் கரும்புக் கட்டை குத்தி அவர் காலில் காயம். பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தவர் நாலாம் நம்பரில் நின்றுவிட்டார்.

"நர்ஸு வெச்சினு இருந்தது, மருந்தில்லாம இன்னா? ஆஸ்பத்திரி வாசனை அப்படியே அடிக்குது பாரு." காலில் ஊற்றிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "எரியுது, நல்ல மருந்து," என்றார்.

நான் பாட்டிலை வாங்கி இறுக மூடினேன். என்னவென்று சொல்வது? மூன்று நாளில் புண் ஆறிவிட்டது சித்தி. அப்பா ஊரெல்லாம் உன் புகழ் பாடினார். பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "அந்த சீமை டிஞ்சர் ரெண்டு சொட்டு குடேன், கன்னுக்குட்டி கொம்புல அடிபட்டுக்கிச்சி," என்று வந்து வாங்கிப்போனார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

அம்மாதான் கண்டுபிடித்தாள். அப்பா வயலுக்குப் போயிருந்தபோது அம்மிக்கல்லில் ஒரு சொட்டு ஊற்றித் தீக்குச்சி கிழித்தாள். நீலமாகப் பற்றிக்கொண்டது. அந்தக் காலத்தில் மலையிலிருந்து சாராயம் இறக்கி வருகிறவர்கள் சரக்கு நல்லதா என்று இப்படித்தான் கொளுத்திக் காட்டுவார்களாம்.

"இன்னாடி இது?"

"மருந்தும்மா."

"மருந்து நீலமா எரியுமா? எங்கப்பன் வூட்டுல சின்ன வயசுலயே பாத்த நெருப்புடி இது." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "நீ குடிச்சியா?"

"இல்லம்மா. மோந்துதான் பாத்தன்."

இரண்டு நாள் அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். உனக்குத் தெரியும், தாத்தாவுக்குப் படைக்கும்போது சாராயமும் சுருட்டும் வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் எவ்வளவு சொன்னாலும் அம்மா வைக்க மாட்டாள். உயிரோடு இருக்கும்போது குடித்தது போதும் என்பாள். இனி உன்னையும் தாத்தாவோடு சேர்த்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் என்னைச் சேலத்தில் நர்சிங் சேர்த்துவிட ஒத்துக்கொண்டதே உன்னைப் பார்த்துத்தான். வெளியே போன நீயே கெட்டுப்போனாய் என்று ஆகிவிட்டால் என்னை வழியில் இருக்கும் சின்னசேலம்கூடத் தாண்ட விட மாட்டாள்.

இன்று காலை உன் படத்துக்கு முன்னால் இலை போட்டாள். கொழுக்கட்டை, கருவாட்டுக் குழம்பு, நீ கேட்டுக் கேட்டுச் சாப்பிடும் எள்ளடை, பெட்டியில் இருந்த உன் பச்சைப் புடவை எல்லாம் வைத்தாள். அப்பா பூ வாங்கப் போயிருந்தார். முந்தானைக்குள்ளிருந்து நான்கு பாட்டில்களையும் எடுத்துத் தரையில் வைத்தாள்.

"இதுல அவளுக்கு எது புடிக்கும்?"

நாலாவதைக் காட்டினேன். அம்மா அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ பாவி மனுசா. என் தங்கச்சி ஆசையா வெச்சத காலுக்கு ஊத்திக்கினியே," என்றாள். அப்புறம் சிரித்துவிட்டாள் சித்தி. நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, "கன்னுக்குட்டிக்கு வேற குடுத்துட்டாரே," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மிச்சத்தை மூடியில் சாய்த்தாள். "தண்ணி ஊத்தணுமா?"

"ரெண்டு சொட்டும்மா."

ஊற்றினாள். இலை ஓரத்தில் வைக்கப் போனவள் நின்றாள். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, மெதுவாக இழுத்தாள். நீ பாறை மேல் செய்தாயே, அதே போல.

"இது ஆஸ்பத்திரி வாசனை இல்லடி. ஆலைக் கொட்டாயில வெல்லம் காய்ச்ச ஈரக் கரும்புச் சக்கையப் போட்டு எரிச்சா வருமே, அந்தப் புகை." மறுபடியும் மோந்தாள். "எங்கப்பன் குடிச்சிட்டு வர்ற அன்னிக்கெல்லாம் நானும் அவளும் அங்கதான் ஓடிப் போயி படுத்துக்குவோம். அந்தப் புகை மூக்குல ஏறுனாத்தான் அவ அழுவுறத நிறுத்துவா."

உனக்கே தெரியாத காரணம் இதுதானா சித்தி? அத்தனை தூரம் போய், யாரோ ஊற்றிக் கொடுத்த கிளாஸில் அதைத் தேடிக் கண்டுபிடித்தாயா?

அம்மா மூடியை உன் படத்துக்கு நேராக வைத்தாள். "நீ சேலத்துக்குப் போ. மோந்து பாரு, அதோட நிறுத்திக்கோ," என்றாள் என்னிடம். அப்பா பூவோடு வருவதற்குள் மற்ற மூன்றையும் அரிசிப் பானைக்குள் மறைத்துவிட்டாள்.

இன்னும் ஒரு பயம் பாக்கி. சாயந்திரம் அப்பா, "அந்த டிஞ்சர் எங்க?" என்றார். "தீந்து போச்சு," என்றாள் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல். "நாளைக்கு சங்கராபுரம் மருந்துக் கடையில பாட்டிலக் காட்டி வாங்கியாறன்," என்று காலி பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை ஆணியில் மாட்டிவிட்டார். அவர் தூங்கியதும் அம்மா அதை எடுத்துக் கழுவி, கடைக்காரர் மோந்தால் தெரியாமலிருக்க வீட்டிலிருந்த சாதாரண டிஞ்சரில் ஒரு சொட்டு மட்டும் விட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். வாசனை மாறியதை அவர் கண்டுபிடித்துவிடுவாரோ? அம்மா கவலைப்படாமல் தூங்குகிறாள்.

சித்தி, உனக்கு ஒன்று சத்தியம் செய்கிறேன். படித்து முடித்து ஒருநாள் நானும் அந்த ஊருக்குப் போவேன். அந்தச் சேற்றில் இறங்கி நின்று, வறட்டி மாதிரிக் காய்ந்த ஒரு துண்டு மண்ணை என் பெட்டியில் வைத்து எடுத்து வருவேன். அம்மா அடுப்பில் அதைப் போட்டு எரிப்போம். அன்றைக்கு உனக்கு இலை போட்டுக் கூப்பிட வேண்டியதில்லை. வாசனை பிடித்து நீயே உள்ளே வந்துவிடுவாய்.

உன் அக்கா பெற்ற உன் மகள்,
மலர்