வெள்ளை மஞ்சளாகத் தெரிந்த நாட்கள்

அன்புள்ள அத்தை,

போன வாரம் எனக்கு இருமல் விடவில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தம்ளரில் கஷாயம் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்ததும் அந்தத் தித்திப்பு வாசனை. அதிமதுரம். நல்ல மனதோடு கொண்டுவந்தவளிடம் என்ன சொல்வது? வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு கொட்டிவிட்டேன். அன்றைக்கு முழுக்க நீங்கள்தான் கூடவே இருந்தீர்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் வந்தவாசியிலிருந்து உங்களுக்கு மருமகளாக வந்தேன். மாமா அப்போதே காலமாகியிருந்தார். ஆரணியில் தறிகளை உங்கள் பிள்ளை பார்த்துக்கொண்டார், நிறத்தை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். சாயம் போட்டு வந்த பட்டு நூலை வாசல் வெயிலில் தூக்கிப் பிடித்து, "இது அரக்கு இல்ல. திருப்பி அனுப்பு" என்றால் அது திரும்பிப் போகும். என்னை நீங்கள் அதிகம் கொஞ்சியதில்லை. ஆனால் முதல் தீபாவளிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புடவையை என் தோளில் போட்டு, "உன் நெறத்துக்கு இதான் எடுக்கும்" என்றீர்கள். அதுவரை என் கறுப்பை ஒரு குறையாக மட்டுமே கேட்டிருந்தவள் நான்.

எண்பதுகளில் உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாக இருக்கிறது என்று வேலூரில் இதயத்துக்கு ஒரு மாத்திரையும், உடம்பில் சேரும் நீரை இறக்க ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தீர்கள். பிறகு ஒரு மழைக்காலத்தில் வறட்டு இருமல் பிடித்தது. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கிவந்து காலையும் மாலையும் காய்ச்சிக் குடித்தீர்கள். தொண்டைக்கு இதமாக இருந்ததால் இருமல் நின்ற பிறகும் விடவில்லை. "இது இன்னா மருந்தா, வேருதானே" என்பீர்கள்.

கொஞ்ச நாளில் கால் வீங்கியது. உள்ளூர் டாக்டர் நீர் மாத்திரையைக் கூட்டினார். அதற்குப் பிறகு சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. அதற்கு இன்னொரு மாத்திரை. உடம்பு வலி என்றீர்கள், அதற்கும் ஒன்று. அவர் அக்கறையான மனிதர்தான். நாம் எதைச் சொன்னோமோ அதற்கு மருந்து கொடுத்தார். கஷாயத்தை யாரும் மருந்தாக நினைக்கவில்லை, அதனால் யாரும் சொல்லவுமில்லை.

ஒரு நாள் காலையில் இட்லியைத் தட்டிலேயே புரட்டிப் பார்த்தீர்கள். "மாவுல மஞ்சத்தூள் கலந்துட்டியா?" விளையாடுகிறீர்கள் என்று சிரித்தேன். மறுநாள் கொடியில் காய்ந்த வேட்டியைக் காட்டி, சரியாக வெளுக்கவில்லை என்றீர்கள். கண்புரையாக இருக்கும் என்றார் உங்கள் பிள்ளை.

பிறகு அந்தப் போளூர்க்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூட வாத்தியாரும் அவர் மனைவியும். மகளுக்கு மாதா கோயிலில் கல்யாணம், வேதக்கார வழக்கப்படி வெள்ளைப் பட்டு நெய்யச் சொல்லியிருந்தார்கள். புடவையைப் பாயில் விரித்ததும் நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். முகம் மாறிவிட்டது.

"இது வெள்ளையா? மஞ்சளா கீதேடா. இத எப்படிக் குடுப்ப?"

"அம்மா, வெள்ளதாம்மா."

"எனக்கே நெறம் சொல்லித் தர்றியா? கல்யாணப் பொண்ணு கட்டிக்கிற துணி. எடு அத."

புடவையை நெய்தவர் கைகட்டி நின்றிருந்தார். அவரையும் திட்டினீர்கள், நூலை மாற்றிவிட்டாய் என்று. வாத்தியாரின் மனைவி புடவையையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். உங்கள் பிள்ளை அவர்களை வெளியே அழைத்துப் போய்த் தணிந்த குரலில், "வயசாயிடுச்சிங்க. அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறிப் போச்சி, மனசுல வெச்சிக்காதீங்க" என்றார். அந்தக் குரல் உள்ளே வரைக்கும் கேட்டது. நீங்கள் பாயில் உட்கார்ந்து, உங்கள் வெள்ளைத் தலைப்பை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அதன் பிறகு நூல் உங்களிடம் வரவில்லை. நெசவாளர்களிடமும் கடைக்காரர்களிடமும் அவர் அதையே சொன்னார். கெட்ட எண்ணம் இல்லை, வியாபாரம் கெடுமே என்ற பயம். தெருவில் போகிறவர்கள் உங்களோடு குழந்தையிடம் பேசுவது போல உரக்கப் பேச ஆரம்பித்தார்கள். நீங்கள் நிறத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டீர்கள். சாப்பாடும் குறைந்தது. ஒரு நாள் காலை குளிக்கப் போன இடத்தில் மயங்கி விழுந்தீர்கள்.

கார் பிடித்து வேலூருக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, நாடி ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்றார். என் பையிலிருந்த மாத்திரைகளையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொன்னார். பிறகு உங்களிடமே கேட்டார்.

"இது இல்லாம வேற இன்னா குடிக்கிறீங்க? கஷாயம், பொடி, எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"அதிமதுரம் குடிக்கிறேம்மா."

அவர் இதய மாத்திரையை எடுத்துப் பார்த்தார். தன் வெள்ளைக் கோட்டைத் தொட்டுக் காட்டி, "இது உங்களுக்கு இன்னா நெறமா தெரியுது?" என்றார்.

நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். சொல்லப் பயந்தீர்கள், அத்தை. பிறகு மெதுவாக, "மஞ்ச" என்றீர்கள்.

"டாக்டர், அம்மாவுக்குப் புத்தி..." என்று உங்கள் பிள்ளை தொடங்கினார்.

"அவங்க புத்திக்கு ஒண்ணும் இல்ல. அவங்க கண்ணுக்கு மஞ்சளாதான் தெரியும்."

நீர் மாத்திரை உடம்பிலிருந்த பொட்டாசியம் என்ற சத்தையும் சேர்த்து வெளியேற்றியிருக்கிறது, அதிமதுரமும் அதையே செய்யும், கால்களையும் வீங்க வைக்கும், அந்தச் சத்து குறைந்தால் இதய மாத்திரையே விஷமாகிவிடும் என்று அவர் விளக்கினார். குமட்டலும் மஞ்சள் பார்வையும் அந்த விஷத்தின் அடையாளங்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. உங்களுக்கு, புத்திக்கு ஒன்றுமில்லை என்ற முதல் வரியே போதுமாக இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். நீங்கள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சிகிச்சையில் சில நாட்களிலேயே பார்வை தெளிந்தது. கட்டில் விரிப்பைத் தடவி, "வெள்ள" என்றீர்கள். இரண்டு முறை சொன்னீர்கள்.

வீட்டுக்கு வந்தோம். ஆனால் நூல் திரும்ப உங்களிடம் வரவில்லை. அதற்குள் வேறொருவரைக் கேட்டுப் பழகிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் என்னைத் தனியாக அழைத்து, "இப்ப தெளிவா பேசறாங்களா?" என்று கேட்டார்கள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே நீங்கள் சொன்னீர்கள்: "புத்தி கெட்டுப்போச்சின்னு ஊரெல்லாம் சொன்னான். இல்லன்னு ஒருத்தர்கிட்டகூட சொல்லலியேம்மா."

அன்று மாலையே அவரிடம் கேட்டேன். "அம்மாதான் நல்லாயிட்டாங்களே, இன்னும் இன்னா?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த சில வருடங்களில், அந்தப் பலவீனமான இதயத்தோடு, நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போது அவருக்கு அன்றைய உங்கள் வயதைவிட அதிகம். சர்க்கரைக்கு, ரத்த அழுத்தத்துக்கு, தூக்கத்துக்கு என்று மாத்திரைகள். சில மாதங்களுக்கு முன் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, என்னை யாரென்று கேட்டார். சென்னையிலிருந்து வந்திருந்த எங்கள் மகன், "அம்மா, அப்பாவுக்கு மூள..." என்று தொடங்கினான்.

"நிறுத்து. மொதல்ல டாக்டர் பாக்கட்டும். அதுவரைக்கும் அந்த வார்த்தைய யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

சளிக்கென்று அவராகவே கடையில் வாங்கித் தின்ற மாத்திரை தூக்க மாத்திரையோடு சேர்ந்து செய்த வேலை அது. டாக்டர் ஒன்றை நிறுத்தி, மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். உங்கள் பிள்ளை தெளிந்தார்.

தெளிந்த பிறகு ஒரு மத்தியானம் கேட்டார். "நான் என்னென்னமோ பேசிகினு இருந்தேனாமே. பையன் வெளிய யார்கிட்டயாச்சும் சொன்னானா?"

"இல்லிங்க. நான் சொல்ல விடல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "எங்கம்மாவப் பத்தி நான் ஊர் பூரா சொன்னேன், இல்ல?" என்றார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை, அது உங்களுக்குச் சேர வேண்டிய சொல். நீங்கள் இல்லாததால் என்னிடம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்