சங்கத்துக் காரின் கறுப்புப் புகை

பெப்ரவரி 4, செவ்வாய்

வாய் மூடி இருந்தது போதும். இந்த முறை எழுதத்தான் போகிறேன். என் பெயர், பட்டம், தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார்ப் பகுதி விரிவுரையாளர் என்ற பதவி, எல்லாவற்றையும் அடியில் கையெழுத்தோடு போட்டு எழுதுவேன்.

காலையில் பரராசசிங்கம் அண்ணை போன் எடுத்தார். ஊர்ச் சங்கத்தின் செயலாளர். வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊர் நாரந்தனை ஆட்கள் வாங்கித் தந்த கார், நோயாளிகளை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிற கார், கொஞ்ச நாளாகக் கறுப்பாகப் புகைக்கிறதாம். பெற்றோலும் அளவில்லாமல் குடிக்கிறதாம். ஊரின் முகநூல் பக்கத்தில் கனடாவிலிருந்து ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: சாரதி தியாகலிங்கம் பெற்றோலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் கலக்கிறான்.

"நீர் ஒருக்கா உம்மடை மிசினைப் பூட்டிப் பாரும். மண்ணெண்ணெய்தான் எண்டு எழுதித் தந்தீரெண்டால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலை ஆளை நிப்பாட்டிப்போடலாம். படிச்ச மனிசன் சொன்னால் மறுகதை இல்லை."

"ஓம்" என்றேன். சந்தோசமாகத்தான் சொன்னேன்.

பெப்ரவரி 5, புதன்

ஏன் சந்தோசம்?

யுத்தத்தில் தீவை விட்டு எல்லோரும் ஓடிக் கோண்டாவிலில் அகதியாக இருந்த காலம். பொருளாதாரத் தடை. பெற்றோல் கண்ணில் காணக் கிடையாது. என் கூட்டாளி தியாகலிங்கத்தின் மாமாவுடைய பழைய ஒஸ்ரின் ஏ-போட்டி கார் ஒன்று இருந்தது. சூடான எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடும்; குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. மற்றவர்கள் பொனற்றைத் திறந்து பெற்றோலைத் துளித் துளியாக ஊற்றி, ஓடிப்போய் ஏறி, நின்றுபோக, இறங்கி, மறுபடி ஊற்றி... பார்க்கப் பாவமாக இருக்கும்.

வெறுமையான சேலைன் போத்தலைப் பொனற்றுக்குள் தொங்கவிட்டவன் நான். அதற்குள் கொஞ்சம் பெற்றோல். சேலைன் குழாயில் இருக்கிற அந்தச் சின்னச் சில்லை விரலால் உருட்டினால் கூட்டலாம், குறைக்கலாம். சூடானதும் ஒரு தட்டு, மண்ணெண்ணெய்க்கு மாறிவிடும். கலவை சரியோ பிழையோ என்று காதுதான் சொல்லும். தியாகு ஓட்ட, நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டே வருவேன்.

ஒரு கலியாணத்துக்குப் பொம்பிளை ஏற்றினோம். கூறைச் சேலை முழுக்க மண்ணெண்ணெய் மணம். கண் எரியுது என்று தாய்க்காரி கத்தினா. தியாகு திரும்பியும் பாராமல், "எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இருங்கோ மாமி. நான் ஒராள் திறந்திருந்தாக் காணும்" என்றான். பொம்பிளையே சிரித்துவிட்டா. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.

குண்டு விழுந்த காலத்தைப் போய் நல்ல காலம் என்று எழுதக் கை வருகிறது. எழுதுகிறேன். நல்ல காலம்.

போன வருடம் சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு முழுப்பக்கம்: "மண்ணெண்ணெயில் காரோட்டிய எங்கள் தியாகலிங்கம்". சேலைன் போத்தல் இருக்கிறது. சில்லுக்கூட இருக்கிறது. நான் இல்லை. அன்றிலிருந்து அவனோடு கதை இல்லை. இப்போது அந்தப் புகழே அவனைக் கடிக்கிறது. மலரைப் படித்தவர்கள்தான் "மண்ணெண்ணெய்க்காரன்" என்று எழுதுகிறார்கள். படட்டும்.

பெப்ரவரி 6, வியாழன்

கல்லூரிக்குப் போய் வந்தேன். வழி முழுக்க அந்தப் பழைய மணம் மூக்கில்.

பெப்ரவரி 7, வெள்ளி

பின்னேரம் வீட்டுக்குக் கார் வந்தது. தியாகலிங்கம் காரின் திறப்பை என் கையில் தரவில்லை. பொனற்றின் மேல் வைத்தான்.

"வணக்கம் மாஸ்டர்." மச்சான் என்று கூப்பிட்ட வாய்.

நான் ஸ்கானர் மிசினைக் காரின் கம்பியூட்டரோடு பூட்டினேன்.

"என்னவாம் மிசின்? கள்ளன் எண்டு எழுத்திலை வருமோ, இல்லைப் படம் போட்டுக் காட்டுமோ?"

தலைமயிர் நன்றாக நரைத்துவிட்டது அவனுக்கு. சிரித்துக்கொண்டுதான் கேட்டான், ஆனால் கை சும்மா இருக்கவில்லை; கதவுப் பிடியைத் துடைத்தபடியே நின்றான். இந்த வேலையும் போனால் அவனுக்கு வேறு என்ன இருக்கிறது?

புகைக்குழாயில் உள்ள ஒட்சிசன் சென்சர் ஒரு மூக்கு மாதிரி. எரிந்து வருகிற வாயுவில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் "பெற்றோல் போதாது" என்று சொல்லும். கம்பியூட்டர் கூட்டி ஊற்றும். இந்தக் காரில் அந்தச் சென்சர் ஓயாமல் போதாது, போதாது என்கிறது. கம்பியூட்டர் வழமையை விட நாலில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது. சரி, அப்படியென்றால் எஞ்சின் பட்டினியில் இருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. எஞ்சின் பெற்றோலில் மூழ்கிக் கிடக்கிறது.

பெற்றோல் தாங்கியிலிருந்து ஒரு துளி எடுத்து வெள்ளைக் கடதாசியில் விட்டேன். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் காய்ந்த பிறகும் எண்ணெய் வளையம் நிற்கும். கடதாசி சுத்தமாகக் காய்ந்தது.

எனக்கு ஏமாற்றம். இதை எழுதாமல் விட்டால் இந்தக் கொப்பி எதற்கு?

"நாளைக்கும் கார் வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

பெப்ரவரி 8, சனி

விடிய எழும்பித் தேத்தண்ணீர் குடிக்கும்போது பிடிபட்டது. களவாகக் காற்று எஞ்சினுக்குள் போவதென்றால் பிளக் இப்படிக் கறுக்காது. காற்று எஞ்சினுக்குள் போகவில்லை. மூக்குக்குப் போகிறது! சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் எங்கோ ஓட்டை. வெளிக்காற்று அதனூடாக உள்ளே வர, சென்சர் அதை மணந்துவிட்டு, உள்ளே பட்டினி என்று கத்துகிறது. எஞ்சினைப் பற்றி அது சொன்னது எல்லாம் வெளிக்காற்றின் கதை.

கார் வந்ததும் எஞ்சினை ஓடவிட்டேன். "தியாகு, ஈரச் சீலையாலை பின்னுக்குப் புகைக்குழாய் வாயைப் பொத்து." பெயர் தானாக வாயில் வந்துவிட்டது.

"அந்த நாளையிலை முன்னுக்குக் காத்துப் போற வாயைப் பொத்தச் சொல்லுவாய். இப்ப பின்னுக்கு. முன்னேற்றம்தான்."

நான் சிரிக்கவில்லை. கிட்டத்தட்டச் சிரித்தேன்.

சவர்க்காரத் தண்ணீர் தடவினேன். சென்சருக்குச் சற்று முன்னால், இரண்டு குழாய் சேரும் இடத்தில் குமிழி குமிழியாகப் பொங்கியது. யாழ்ப்பாணம் போய்வருகிற பண்ணைப் பாலத்து உப்புக் காற்று அரித்த இடம். படம் எடுத்தேன். ஊர்காவற்றுறை வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய் ஒட்டுவித்தோம்.

ஒட்டும்வரை வேம்பின் கீழ் நின்றோம். கேட்டுவிட்டேன். "மலரிலை என்ரை பேரை ஏன் சொல்லேல்லை?"

"அவங்கள் வந்து கேட்டது என்னை. உன்னட்டை வந்து கேட்டிருந்தால், நீ என்ரை பேரைச் சொல்லியிருப்பியே?"

சொல்லியிருப்பேனா? காரோட்டியவன் என்று ஒரு வரி... தெரியாது. அது வேறு, இது வேறு. போத்தலை யோசித்தது நான். ஓம், ஆனால் ஓட்டினது அவன்தான். செல் குண்டு விழுந்த றோட்டால் ஓட்டினது அவன்.

பெப்ரவரி 9, ஞாயிறு

கூட்டத்தில் என் அறிக்கையைப் பரராசசிங்கம் அண்ணை வேண்டாவெறுப்பாக வாசித்தார். மண்ணெண்ணெய் இல்லை, குழாயில் ஓட்டை.

பின்வரிசையில் ஒரு குரல்: "ரெண்டு பேரும் அந்த நாள் ஒரே காரிலை திரிஞ்ச ஆக்கள்தானே!" சிரிப்பு.

அட, ஒரு வருடமாக ஒருவருக்கும் ஞாபகம் வராத விசயம், இன்றைக்கு வந்திருக்கிறது.

முடிவு எடுக்கவில்லை. வெளிநாட்டு ஆட்களைக் கேட்டு அடுத்த கிழமை சொல்வார்களாம். அதுவரை தியாகு ஓட்டலாம். முகநூலில் வசவு இன்னும் நிற்கிறது.

பெப்ரவரி 12, புதன்

கார் இன்று யாழ்ப்பாணம் போய் வரும் வழியில் வந்தது. ஸ்கானரைப் பூட்டினேன். ஓட்டை அடைபட்ட பிறகும் கம்பியூட்டர் பழைய பழக்கத்தில் கொஞ்ச நாள் கூட்டித்தான் ஊற்றும். ஓட ஓடத்தான் அந்தப் பழக்கத்தை விடும். கூடுதலாக ஊற்றுகிற கணக்கு இறங்கி இறங்கி இப்போது பூச்சியத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. புகை இல்லை.

வெளிநாட்டு ஆட்கள் பார்க்க, முகநூல் பக்கத்தில் போட எல்லாவற்றையும் எழுதினேன். முதல் நாள் கணக்கு, கடதாசி, குமிழி, இன்றைய கணக்கு, படங்களோடு. சந்தேகம் உள்ளவர் யாரும் வந்து பூட்டிப் பார்க்கலாம். இடையில் ஒரு வரி: "மேலும், அந்தச் சேலைன் போத்தலைத் தொங்கவிட்டவன் நானே." எத்தனை நாள் மனதுக்குள் எழுதி வைத்த வரி! ஆனால் அதைப் போட்டால் கூட்டாளி கூட்டாளியைக் காப்பாற்றுகிறான் என்றாகிவிடும். அழித்தேன். நொந்துகொண்டுதான் அழித்தேன்.

பிறகு என் பெயரையும்.

மனிசி சிவரூபி தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "இஞ்சருங்கோ, பேர் போடாட்டி மட்டும் தெரியாதே? ஒட்சிசன் சென்சரைப் பற்றி இவ்வளவு எழுத இந்தத் தீவிலை வேறை ஆர் இருக்கினம்?" என்றாள்.

தெரிந்தால் தெரியட்டும். பெயர் போட்டால் தியாகு வந்து நன்றி சொல்லுவான். நான் "பரவாயில்லை மச்சான்" என்று சொல்ல வேண்டி வரும். பரவாயில்லை என்று இல்லை. இன்னும் இல்லை.

றோட்டால் கார் திரும்பிப் போகிற சத்தம். காது தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒரு இடறல் இல்லை.

பெயரில்லாமலே போடப் போகிறேன்.