வாட்சின் முதுகில் இருந்தது

கன்னட நடிகரைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருந்த வருடம் அது. ஓசூர் ரோட்டில் பஸ் ஓடினால் ஓடும், இல்லாவிட்டால் இல்லை. தியேட்டர்கள் மூடிக்கிடந்தன. கொஞ்சம் சத்தமாகத் தமிழ் பேசினால் பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடிப்பான். பொம்மசந்திராவில் நம் கம்பெனி வாரத்தில் மூன்று நாள் திறந்தால் பெரிது. இரண்டாயிரம் என்று உன் மகள் ஸ்டெல்லா எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அது நீ என்னை ஏமாற்றிய வருடம்.

ஆமாம், ஏமாற்றினாய். நீ போய் ஒரு மாதம்தான் ஆகிறது. செத்தவனைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். எனக்கு எழுத வராது என்பதால் உன் மகளே எழுதுகிறாள்.

"அங்கிள், இதையும் எழுதணுமா?" என்கிறாள்.

எழுதும்மா, ஒரு வார்த்தை விடாமல் எழுது.

காலையில் ஆனேக்கலுக்கு பஸ் பிடித்து வந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை என் மடியில் வைத்தாள். பிரிக்கும்போதே பச்சை சோப்பின் வாசனை வந்தது. பாலிஷ் சக்கரத்துக்குத் தேய்ப்போமே, அந்தக் கட்டி சோப்பு. எட்டு வருடம் கழித்து அது எப்படி வரும் என்று கேட்காதே, எனக்கு வந்தது. உன் அப்பாவின் வாட்ச். சாவி கொடுத்தால் ஓடுகிற அந்தப் பழைய ஸ்டீல் வாட்ச். இதனால்தான் உன்னோடு எட்டு வருடம் நான் பேசவில்லை. கல்லறைத் தோட்டத்தில் கூட உன் முகம் பார்க்க முன்னால் வராமல், கேட் பக்கமே நின்றுவிட்டுத் திரும்பினேன்.

நீ கேட்டில் டைம் கீப்பர். உன்னை டைம் சார் என்று எல்லாரும் கூப்பிட, நான் மட்டும் டைமு என்பேன். நான் பாலிஷ் மெஷின். காலையில் கையெழுத்துக்குப் பதில் கார்டில் என் மை விரலை உருட்டிக்கொண்டே, "முனியா, இரண்டு நிமிஷம் லேட்டு, ஆனா என் வாட்ச் உன்னை மன்னிச்சிடுச்சு" என்பாய். எழுத்து தெரியாவிட்டாலும் எனக்குக் கடிகார முள் பார்க்கத் தெரியும். "உன் வாட்ச்தாண்டா இரண்டு நிமிஷம் ஃபாஸ்ட்டு" என்பேன். தினமும் இதே சண்டைதான். இதில்லாமல் எனக்கு வேலை ஓடாது.

ஸ்டெல்லாவுக்கு வரன் முடிவானது. பையன் கம்ப்யூட்டர் கம்பெனி. நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டுவது உங்கள் வீட்டு வழக்கம். அந்தக் குழந்தை பிறந்ததிலிருந்து நீ கேட்டில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தட்டித் தட்டிச் சொன்னது ஒன்றுதான்: "என் மாப்பிள்ளை கையில ஏறப்போறது எங்கப்பா வாட்ச்." பையனுக்கும் அது பிடித்திருந்தது. பையனின் அக்காதான் வாயைத் திறந்தாள். பிரிகேட் ரோட்டில் வெளிநாட்டு வாட்ச் கடை ஒன்று திறந்திருக்கிறதாம். "அங்கிள், பழசைக் கட்டினா எங்க சைடுல என்ன நினைப்பாங்க? கீறலா கிடக்குதே" என்றாளாம்.

நீ அதைச் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. கீறல்தானே பிரச்சினை? கீறலை எடுப்பதற்குத்தானே நான் பிறந்திருக்கிறேன்? "என்கிட்ட குடு டைமு. அந்த அம்மா மூஞ்சி அதுல தெரியுற மாதிரி ஆக்கித் தர்றேன்" என்றேன். சிவாஜிநகர் ரிப்பேர்க்காரரிடம் உள் மெஷினைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கூட்டையும் மூடியையும் கொண்டுவந்து தந்தாய். தரும்போது நீ சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே இருக்கிறது.

"முன்பக்கம் மட்டும் லேசா ஓட்டு. பின்னாடி யார் பார்க்கப்போறாங்க, விடு."

இதைத்தான் சொன்னாய். வேறு எதுவும் சொல்லவில்லை. என் கோபமெல்லாம் அந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது.

பின்னாடி யார் பார்க்கப்போகிறார்கள் என்று விடுகிறவனா நான்? உனக்குத் தெரியாதா? எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். கம்பெனியில் பாதி மெஷின்கள் நின்றிருந்த நாளில், புதுத் துணிச் சக்கரம் மாட்டி உட்கார்ந்தேன். சக்கரத்தில் வைப்பதற்கு முன்னால் கீறல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது என் பழக்கம். கீறலுக்குக் குறுக்கே ஓட்டினால்தான் அது சாகும். பின்மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மயிர் மாதிரி மெல்லிசாக, சாய்ந்து சாய்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரண்டு வரிசைக் கீறல். வியர்வையில் பாதி தேய்ந்துபோனது. குறுக்கே வைத்து ஓட்டினேன். ஒன்று மிச்சமில்லை. பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

கொண்டுவந்து உன் கையில் வைத்தேன். முன்பக்கம் பார்த்தாய், சிரித்தாய். திருப்பினாய். கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாய், பிறகு இன்னொரு தடவை. நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன், மடையன்!

"பிரமாதம்டா முனியா" என்றாய். உடனே கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தாய். பத்திரப்படுத்துகிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு பிரிகேட் ரோட்டுக்குப் போனாய். எதற்கு என்று சொல்லவில்லை. அந்தக் கடையின் குளிரில் நின்றுகொண்டு, டை கட்டிய பையன் வெல்வெட் தட்டை எடுத்து வைத்தான். "நோடி சார், பாருங்க, இது ஆட்டோமேடிக். கையை ஆட்டினாலே ஓடும், சாவியே வேணாம்." நீ தலையாட்டினாய்.

"டைமு, இங்க எதுக்கு வந்திருக்கோம்?"

"மாப்பிள்ளைக்கு வாட்ச் எடுக்க."

"நம்ம வாட்ச்?"

"அது பழசுப்பா. புதுசு எடுத்துக் கட்டுறதுதான் மரியாதை."

"அப்ப நான் உட்கார்ந்து ஓட்டினது எதுக்கு? என் கைவேலை உன் மாப்பிள்ளைக்கு ஆகாதா?"

"கத்தாதே முனியா. தமிழ்ல கத்தாதே, வெளியில கும்பல் இருக்குது."

"கன்னடத்துல கத்தட்டுமா?" என்றேன். கடைப் பையன் சிரித்துவிட்டான். நீ சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. குனிந்து அந்த வெளிநாட்டு வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வெளியே வந்து நடந்தேன். மயோ ஹால் வரைக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் போனேன். நீ வரவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. உன்னோடு பேசவும் இல்லை. ரிட்டையர் ஆகும்வரை தினமும் காலையில் கட்டைவிரலை மட்டும் நீட்டினேன், நீ பிடித்து உருட்டினாய். உன் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் எழுதினாய். வசதி வந்ததும் அப்பன் வாட்சையே கழற்றிவிட்டான் என்று ஆனேக்கல் பஸ்ஸில் நாலு பேரிடம் சொன்னேன். அதையும் எழுதும்மா.

இன்று காலை வாட்சைத் திருப்பி உன் மகளிடம் காட்டினேன். "பாரும்மா, எட்டு வருஷம் ஆச்சு. பின்பக்கம் இன்னும் மூஞ்சி தெரியுது. இதைப் போய் உங்கப்பா வேணாம்னாரு."  அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அங்கிள், அங்க எழுத்து இருந்துச்சு. தாத்தா கடையில சொல்லி வெட்டிக் குடுத்தது. உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கினாரு. மூஞ்சியில அடிச்ச மாதிரி ஆயிடும், தாங்கமாட்டான்னாரு."

தாங்கமாட்டேன் என்று நீ எப்படி முடிவு செய்தாய்?

எனக்குத் தெரியும், எதை நினைத்தாய் என்று. காவிரிக் கலவரத்துக்கு முந்தின மாதம், கேன்டீன் சுவரில் நோட்டீஸ் ஒட்டச் சொன்னார்கள். தலைகீழாக ஒட்டிவிட்டேன். மொத்த ஷிப்ட்டும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்று படித்தது, சிரித்தது. மூன்று நாள் நான் வேலைக்கு வரவில்லை. நீதான் ஆனேக்கல் வரை வந்தாய். "எழுத்துதான் தலைகீழா இருந்துச்சு, நீ நேராத்தான் நின்னே, வாடா" என்று கூட்டிப்போனாய். அந்த வார்த்தைக்கு நான் உயிரையே கொடுத்திருப்பேன். ஆனால் அன்றிலிருந்து என்னை உடைந்த சாமான் மாதிரி பஞ்சில் வைத்தாய். எனக்குத் தெரியவே இல்லை.

"பின்னாடி எழுத்து இருக்கு முனியா, அதைத் தொடாதே." இவ்வளவுதானே? சொல்லியிருந்தால் உன் அப்பாவின் எழுத்து இருந்திருக்கும். மாப்பிள்ளை கையில் அந்த வாட்ச் ஏறியிருக்கும். எழுத்து என்ற வார்த்தையைச் சொன்னாலே நான் சுருங்கிவிடுவேன் என்று அதை விழுங்கினாய். அழித்த பிறகாவது திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்து அறைந்திருக்கலாம். நான் உன் காலில் விழுந்து அழுதிருப்பேன், மறுநாள் இரண்டு நிமிஷம் லேட்டு என்று மறுபடி சண்டை போட்டிருப்போம். என்னைக் கேட்காமலே மன்னித்துவிட்டாய். உன் மன்னிப்பு யாருக்கு வேண்டும்? எனக்கு எட்டு வருடம் வேண்டும்.

"போதும் அங்கிள், தண்ணி குடிங்க" என்கிறாள் உன் மகள். குடித்துவிட்டேன். கோபம் போகவில்லை.

ஆனால் ஒன்று கேள். எழுதிவைக்கத் தெரியாதவன் எல்லாவற்றையும் மண்டைக்குள்தான் வைக்க வேண்டும். என் சக்கரத்தில் அழிந்த கீறலை நான் மறந்ததில்லை. ஸ்டெல்லாவின் பேனாவை வாங்கி, ஒரு தாளில் அந்த இரண்டு வரிசையையும் கோடு கோடாகப் போட்டேன். முதலில் தூண்டில் முள் மாதிரி ஒன்று. பக்கத்தில் சாய்ந்த இரண்டு குச்சி, ஒரு சுழி, மேலே ஒரு புள்ளி. தேய்ந்திருந்த இடத்தைத் தேய்ந்தபடியே விட்டேன். அவள் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இங்கிலீஷ் மாதிரிதான் இருக்கு அங்கிள். ஆனா படிக்க வரல. அப்பா கையிலிருந்து கழற்றவே மாட்டாரு, நான் ஒரு நாளும் படிச்சதில்ல. என்ன இருந்துச்சுன்னு பின்னால கேட்டா, போனது போகட்டும்னுவாரு."

போகவில்லை. என்னிடம் இருக்கிறது. எனக்கும் படிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

வெட்டிக் கொடுத்த உன் அப்பா இல்லை. நீ இல்லை. உன் மனைவி உனக்கு முன்பே போய்விட்டாள். அந்த சிவாஜிநகர் ரிப்பேர்க்காரரும் போன மழைக்குப் போய்ச் சேர்ந்தார். உனக்கு வேலை கிடைத்த அன்று உன் அப்பாவோடு கடைக்குப் போய், என்ன வெட்ட வேண்டும் என்று சொன்ன ஒருவர் மட்டும் இன்னும் இருக்கிறார் என்கிறாள் ஸ்டெல்லா. கண் மங்கிவிட்டதாம், ஆள் அடையாளம் சில நாள் தெரிகிறதாம், சில நாள் தெரியவில்லையாம். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு இந்தத் தாளையும் வாட்சையும் எடுத்துக்கொண்டு ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போகிறேன். அதைப் படித்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருவர், உன் அக்கா பிலோமினா.