அகல்யா ஆடுவாளா?

அஸ்தம்பட்டி, சேலம்
12.02.2025

திரு. தனசேகர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கப்போவதில்லை.

அட்டவணை வந்துவிட்டது. 22ஆம் தேதி சனிக்கிழமை, மகளிர் கூடைப்பந்து அரையிறுதியில் என் கல்லூரிப் பெண்களும் உங்கள் கல்லூரிப் பெண்களும் மோதுகிறார்கள். எங்கள் மைதானத்தில்தான். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

பார்க்கிற உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க மேடம், சாரு எந்தப் பக்கம் உக்காருவாருங்க?" அவர் அணிப் பக்கம்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே நாமக்கல் கல்லூரியில் பயிற்சியாளராகச் சேர்ந்ததை என்னிடம் சொல்லாமல் விட்டவர் நீங்கள். நான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஒரு வேண்டுகோள். மைதானத்தில் பெண்கள் முன்னால் என்னைச் சாரதா என்று கூப்பிட வேண்டாம். மேடம் என்றே கூப்பிடுங்கள்.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரை ஓர் அட்டை இங்கேயே கிடக்கிறது. இதனுடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சாரதாமணி
உடற்கல்வி இயக்குநர்


நாமக்கல்
15.02.2025

அன்புள்ள சாரதா,

மைதானத்தில் மேடம். கடிதத்தில் சாரதாதான். மாத்திரை வந்து சேர்ந்தது.

உன் அணியை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. நீ எல்லோரையும் கூடைக்குக் கீழே நிறுத்தி அடைத்துவிடுவாய். எங்களிடம் தூரத்திலிருந்து போடுகிறவள் ஒருத்திதான். அவளுக்கும் பந்து விழுகிற நாளில் விழும், விழாத நாளில் விழாது. போதாததற்கு உன்னிடம் அகல்யா இருக்கிறாள்.

அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். லீக் ஆட்டத்தில் அவளைப் பார்த்தேன். குதித்துவிட்டு வலது காலில் மட்டுமே இறங்குகிறாள். இடது முழங்காலை மடக்கவே பயப்படுகிறாள். இடைவேளையில் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். நீ அப்போது நடுவரோடு பேசிக்கொண்டிருந்தாய்.

அவளை டாக்டரிடம் காட்டு. அதுவரை ஆடவிடாதே.

அன்புடன்,
தனசேகர்


அஸ்தம்பட்டி
18.02.2025

வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்து, மடித்து வைத்து, மறுபடியும் எடுத்துப் படித்தேன். முதலில் கோபம் வந்தது. பிறகு பயம் வந்தது. இப்போது இரண்டும் இருக்கின்றன. எதை நம்புவது என்று தெரியவில்லை.

அகல்யா இல்லாவிட்டால் எங்களுக்கு அரையிறுதியே இல்லை. அது உங்களுக்கும் தெரியும். எதிரணிப் பயிற்சியாளர் எழுதினால் கிழித்துப் போட்டிருப்பேன். எழுதியது என் கணவர். அதுதான் குழப்பம்.

அவளையே கூப்பிட்டுக் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க மேடம், சின்னச் சுளுக்குங்க. எங்கம்மா எண்ணெய் போட்டு நீவி உட்டாங்க" என்றாள். குதிக்கச் சொன்னேன். குதித்தாள், சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சிரிப்பை வைத்து ஒருத்தியை உட்கார வைக்க முடியுமா?

சனிக்கிழமை ரயில்வே அணிக்கு ஆள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் கேட்டிருப்பது இவள் ஒருத்தியைத்தான். வெண்ணந்தூரில் இவள் அம்மா பூவாத்தாள் தறியில் உட்கார்ந்துதான் இவளைப் படிக்க வைக்கிறார். உங்கள் பேச்சைக் கேட்டு நான் இவளை வெளியே வைத்து, அது வெறும் சுளுக்காக இருந்துவிட்டால்? கேட்காமல் ஆடவைத்து, கால் போய்விட்டால்?

ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். இதை எழுதும்போது நீங்கள் யாராக உட்கார்ந்து எழுதினீர்கள்?

சாரதாமணி


நாமக்கல்
20.02.2025

சாரதா,

தபாலில் போட்டால் ஆட்டத்துக்கு முன் வராது. எங்கள் கல்லூரிப் பேருந்து ஓட்டுநர் வேல்முருகனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

யாராக எழுதினேன் என்று கேட்கிறாய். யோசித்துப் பார்த்தேன். எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜெயிக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை இருக்கிறது. அவள் ஆடாவிட்டால் எங்களுக்கு நல்லது என்று ஒரு மூலையில் தோன்றியதும் உண்மை. அப்படித் தோன்றியதாலேயே எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண் வலது காலில் இறங்கியது கண்ணைவிட்டுப் போகவில்லை. எழுதிவிட்டேன்.

அவள் காலைப் பற்றி என் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீ ஆடவைத்தால், அந்தப் பக்கம் போய் இடிக்கச் சொல்லமாட்டேன்.

நம்பாவிட்டால் அதுவும் நியாயம்தான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவன் நான்.

தனசேகர்


அஸ்தம்பட்டி
24.02.2025

ஏனுங்க,

ஆட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாள் நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை உங்கள் கடிதம் வந்த பிறகும் எனக்குத் தெளியவில்லை. விடுதிக்குப் போனேன். அகல்யா மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து நேராக இறங்கப் பார்த்தாள். முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "சொல்லிறாதீங்க மேடம், நாளைக்கு ஒரே ஒரு நாளைக்குங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தோம். முழங்கால் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது. இன்னும் ஒரு தடவை தப்பாக இறங்கியிருந்தால் முழுதும் போயிருக்கும் என்றார் டாக்டர். ஆபரேஷன் வேண்டாம், ஆறு மாதம் ஓய்வும் பயிற்சியும் போதும் என்கிறார். ரயில்வேக்காரர்களிடம் உள்ளதைச் சொன்னேன். குணமானதும் கூட்டி வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். அது உறுதியா, மரியாதைக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. அகல்யா இன்னும் என்னோடு பேசவில்லை.

அவள் அம்மா போன் செய்தார். "எம்புள்ள கால் தப்பிச்சுதுங்க. அந்தச் சாருக்கு ஒரு கும்பிடு சொல்லீருங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

இனி என் விஷயம். அகல்யாவுக்குப் பதில் நர்மதாவை இறக்கினேன். இந்த வருஷம் முழுக்க பெஞ்சில் இருந்த பெண். நான் வீட்டில் உங்களிடம் புலம்பியதைத் தவிர, அவள் ஆட்டம் வெளியில் யாருக்கும் தெரியாது. உங்கள் பெண்கள் முதல் நிமிடத்திலிருந்தே இரண்டு பேராக அவளை மறித்தார்கள். அவள் வலப்பக்கம் மட்டும்தான் திரும்புவாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான்கு புள்ளியில் தோற்றோம்.

ஆக, நீங்கள் எனக்கு எழுதியது உண்மை. நான் அதை நம்புவேன் என்று கணக்குப் போட்டு அணியைத் தயார் செய்ததும் உண்மை. பயிற்சியாளராக நானும் அதைத்தான் செய்திருப்பேன். இருந்தாலும் நெஞ்சு ஒரு பக்கம் உங்களைக் கும்பிடுகிறது, இன்னொரு பக்கம் சண்டைக்கு நிற்கிறது. ஆட்டம் முடிந்து கை கொடுக்கும்போது நீங்கள் "சாரதா" என்றுதான் கூப்பிட்டீர்கள். என் பெண்கள் எல்லோருக்கும் கேட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. அது ஏன் என்றும் தெரியவில்லை.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுத்தில் நீங்கள் எது சொன்னாலும் சரியாகவே இருக்கிறது, எனக்குத்தான் ஒன்றும் விளங்குவதில்லை. இறுதி ஆட்டம் முடியட்டும். ஜெயித்தாலும் தோற்றாலும் நேராக ஊட்டுக்கு வாங்க. சண்டையை எதிரில் உட்கார்ந்து போட்டுக்கலாம்.

சாரதா