பையை வெளிச்சத்தில் தூக்குங்கள்

என் செல்ல அக்கா,

உனக்கு ஏற்றிய தட்டணுக்கள் ஏற்றும் முன்பே கெட்டிருந்தன. ஒருவரும் பார்க்கவில்லை. டெங்குவால் இறந்தாய் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அது பாதி உண்மை.

போன மழைக்காலத்தில், வங்காளத்துப் பெஹாலாவின் இதே நர்சிங் ஹோமில், உன் ஈறில் ரத்தம் நிற்கவில்லை. அத்தான் ரத்த வங்கியிலிருந்து வெளிர்மஞ்சள் தட்டணுப் பையோடு ஓடி வந்தார். டாக்டர் வரத் தாமதமானது. சிஸ்டர் பையை வாங்கி வார்டு ஃப்ரிட்ஜில் வைத்தார், இன்சுலினுக்கும் யாரோ வைத்திருந்த மிஷ்டி தோய் சட்டிக்கும் நடுவில். பத்திரமாக வைக்கிறாரே என்று அத்தான் நன்றிகூடச் சொன்னார். நீ படுத்தபடியே சிரித்தாய்.

"தயிரு பக்கத்துல வச்சிருக்காங்கடா. எனக்கு லஸ்ஸிதான் ஏறப்போகுது."

பை முழுவதும் ஏறியும் உன் தட்டணு எண்ணிக்கை உயரவில்லை. ஏன் என்று அங்கே யாராவது கேட்டார்களா?

நீ போன பிறகு அந்த ரத்த வங்கிக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர், ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த தட்டிலிருந்து ஒரு பையை எடுத்து, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து மெல்லச் சாய்த்தார். உள்ளே பட்டுத்துணி அசைவதுபோல ஒரு மினுமினுப்பு சுழன்றது.

"இது நல்ல பை. குளிர்ல வச்சா இந்தச் சுழல் போயிடும், வெறும் மங்கலா நிக்கும். சிவப்பு ரத்தத்துக்குத்தான் ஃப்ரிட்ஜ். இதுக்கு ரூம் சூடு போதும். ஆட்டிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப எங்க அக்கா?"

"அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா."

நான் சொல்கிறேன், அக்கா. எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் இல்லை.

மறுபடி ஏன் இங்கேயே வந்தாய் என்று திட்டாதே. மீனுவுக்குக் காய்ச்சல். உன் மகளுக்கு மூக்கில் ரத்தம் வழிகிறது, வேறெங்கும் படுக்கை இல்லை. நம் தெருமுனைக் காலி மனையில் இந்த வருஷமும் தண்ணீர் நிற்கிறது. கொசு மருந்தடிக்க வந்தவர்கள் கவுன்சிலரோடு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த நர்சிங் ஹோமின் வரவேற்பறைக்குப் புதுப் பளிங்கு போட்டிருக்கிறார்கள். வார்டுக்கு இப்போதும் ஒரே சிஸ்டர். அவருக்கு இந்தப் பை விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் ஒரு மத்தியானம் கிடைக்கவில்லை.

இன்று மீனுவுக்கான பை நேராக வார்டுக்கு வந்துவிட்டது. கீழே மருந்து வாங்கிக்கொண்டு நான் ஏறி வந்தபோது சிஸ்டர் அதைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தார். வங்காள மொழியில் கேட்டேன்.

"தீதி, இது ஃப்ரிட்ஜ்ல இருந்துச்சா?"

"எல்லாம் ரூல்படிதான். தள்ளுங்க."

"வெளிச்சத்துல ஒரு தடவை சாய்ச்சுக் காட்டுங்க."

"நீங்க என்ன டாக்டரா?"

"இல்ல. இவளோட மாமா."

காவலாளி என்னை வெளியே தள்ளிக் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கைபேசியில் உனக்கு எழுதுகிறேன். ஊசி இன்னும் குத்தவில்லை. சூப்பர்வைசர் வர வேண்டுமாம். பையின் லேபிள்தான் இங்கிருந்து தெரிகிறது. நல்ல பையாக இருந்தால், என்னால் ஆகும் தாமதமும் மீனுவைக் கொல்லும். தெரிகிறது, அக்கா. நான் என்ன செய்யட்டும்?

ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். பார்க்காமல் ஏற்ற விடமாட்டேன். கண்ணாடி உடைந்தாலும் சரி, தட்டிக்கொண்டே இருப்பேன்.

"தீதி, பையை வெளிச்சத்துல தூக்குங்க! ஒரே ஒரு தடவை!"

யாரும் திரும்பவில்லை.

உன் தம்பி,
மீனுவின் மாமா